உங்கள் ஊருக்கு அதிவேக இணையம் கொண்டுவருவது எப்படி: கணக்கெடுப்பிலிருந்து கடைசி வீட்டு கேபிள் வரை

பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத ஊரில் நல்ல இணையம் வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து கிளம்பினால், முதலில் எழும் கேள்வி "எந்தக் கருவி வாங்கலாம்?" என்பதுதான். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. எங்கள் குழு கேபிளோடும் ஆன்டெனாவோடும் மல்லுக்கட்டியதைவிடக் கடிதங்களோடும் கையெழுத்துகளோடும் மல்லுக்கட்டியதுதான் அதிகம். கருவி வாங்கிப் பொருத்தச் சில வாரம் போதும். சாலையோரம் பள்ளம் தோண்ட அனுமதி வாங்க ஒரு வருடம்கூட இழுக்கும். எது எதற்கு முன்னால் வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்கினால் பாதி அலைச்சல் மிச்சம்.

நீங்கள் உள்ளாட்சி உறுப்பினராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், சின்னதாக ஓர் இணையச் சேவை தொடங்க நினைப்பவராகவும் இருக்கலாம். சட்டங்களின் பெயரும் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும். வேலையின் வரிசை அவ்வளவாக மாறாது.

1. இணையம் இல்லை என்பதை எழுத்தில் நிரூபியுங்கள்

"எங்கள் ஊரில் நெட் எடுப்பதே இல்லை" என்ற வாய்ச்சொல்லை வைத்து எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது. அதைவிட மோசம், அரசின் வரைபடத்தில் உங்கள் ஊர் ஏற்கெனவே 'சேவை உள்ள பகுதி' என்று வண்ணம் பூசப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் பல வருடங்களாக, ஒரு சென்சஸ் பிளாக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மிகச்சிறிய பகுதி) ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடிந்தாலும் மொத்த பிளாக்கும் சேவை பெற்றதாகவே கணக்கில் ஏறியது. பிறகுதான் ஒவ்வொரு கட்டடத்தையும் தனியாகக் குறிக்கும் வரைபடத்துக்கு மாறினார்கள். அதில் தவறு இருந்தால் பொதுமக்களே ஆட்சேபம் பதியலாம். உங்கள் நாட்டிலும் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மானியம் பெரும்பாலும் இந்த வரைபடத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. வரைபடம் திருத்தப்படாமல் விண்ணப்பம் போட்டால் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிரூபிக்க என்ன வேண்டும்? ஒரு ஸ்கிரீன்ஷாட் போதாது. ஊரின் நாலு பக்கத்திலும், குறைந்தது ஒரு வாரம், காலை, மதியம், இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்குள் என்று வேகத்தை அளந்து அட்டவணை போடுங்கள். பதிவிறக்கம், பதிவேற்றம், தாமதம் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) மூன்றையும் எழுதுங்கள். கம்பி இணைப்பு இருக்கும் வீட்டில் லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து அளக்க வேண்டும். வைஃபையில் எடுத்தால் "உங்கள் வீட்டு வைஃபைதான் சரியில்லை" என்று கைகழுவிவிடுவார்கள்.

'பிராட்பேண்ட்' என்பதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன வரையறை வைத்திருக்கிறது என்றும் தேடிப் பிடியுங்கள். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் அது 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிவிறக்கம், 20 எம்பிபிஎஸ் பதிவேற்றம். இந்தியாவில் 2023இல் அதை உயர்த்தியபிறகும் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ்தான். காணொளி வகுப்பு திக்கித் திக்கி ஓடும் ஊரும் காகிதத்தில் 'பிராட்பேண்ட் உள்ள ஊர்' ஆகிவிடுவது இப்படித்தான்.

அப்புறம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. "இணையம் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. மாதக் கட்டணம் இவ்வளவு, இணைப்புக் கட்டணம் இவ்வளவு என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். சிறிய தொகையாவது முன்பணம் வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட வீட்டுக்கும் முன்பணம் கொடுத்த வீட்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும். உங்கள் கணக்கு இரண்டாவதை நம்பித்தான் நிற்க வேண்டும். கட்டணத்தை எங்கே வைப்பது என்பதற்கு ஐ.நா. சார்ந்த பிராட்பேண்ட் ஆணையம் ஓர் அளவுகோல் சொல்கிறது: ஆரம்பநிலை இணைப்பின் விலை, தலைக்கு வரும் மாதச் சராசரி தேசிய வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இது நாட்டுச் சராசரி. உங்கள் ஊர் வருமானம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் கட்டணமும் அதற்குக் கீழேயே இருக்கட்டும்.

பள்ளி, சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம், வங்கிக் கிளை ஆகியவற்றைத் தனிப்பட்டியலில் போடுங்கள். மாதம் தவறாமல் கட்டணம் கட்டக்கூடிய இந்த நாலைந்து இடங்கள்தான் ஆரம்ப நாட்களில் உங்களைத் தாங்கும். இவர்களிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வராமல் லெட்டர்ஹெட்டில் கடிதமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பக்கத்து ஃபைபர் எங்கே வந்து நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஊருக்குள் எப்படிப் பகிர்ந்தாலும், வெளியிலிருந்து ஊருக்கு வரும் தடிமனான இணைப்பு ஒன்று வேண்டும். துறையில் இதை 'பேக்ஹால்' என்பார்கள். முழுத்திட்டத்தின் தலையெழுத்தும் இங்கேதான் இருக்கிறது.

சாலையோரம் ஃபைபர் (ஒளியில் தகவலைக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்) செல்வதைக் குறிக்கும் கற்கள், மொபைல் டவர்கள், ரயில் பாதை, உயரழுத்த மின்கோபுரம், அரசு அலுவலகங்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்து ஒரு வரைபடம் தயாரியுங்கள். ரயில்வேக்களும் மின்கடத்து நிறுவனங்களும் தங்கள் பாதையிலேயே ஃபைபர் வைத்திருப்பது வழக்கம். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மொத்தவிலையில் பேண்ட்விட்த் (இணையக் கொள்ளளவு) தருவீர்களா அல்லது பயன்படுத்தாத ஃபைபர் இழையை வாடகைக்குத் தருவீர்களா என்று எழுதிக் கேளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் ஊரை உரசிக்கொண்டு ஃபைபர் போகிறது என்பதாலேயே அதிலிருந்து இணைப்பு எடுத்துவிட முடியாது. இரண்டு நகரங்களை இணைக்கும் நீண்டதூர கேபிளை நடுவழியில் வெட்டிப் பிரிக்க எந்த நிறுவனமும் எளிதில் சம்மதிக்காது. அவர்களுடைய நிலையம் அல்லது ஜாயிண்ட் பெட்டி இருக்கும் இடத்தில்தான் கொடுப்பார்கள். எனவே "கேபிள் எங்கே போகிறது?" என்பதோடு நிறுத்தாமல் "எந்த இடத்தில் தருவீர்கள்?" என்றும் கேளுங்கள். பதிலில் இடத்தின் ஆயத்தொலைவு, கொள்ளளவு, மாதக் கட்டணம், குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும்.

எவ்வளவு பேண்ட்விட்த் வாங்குவது? நூறு வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் திட்டம் கொடுப்பதால் 10 ஜிபிபிஎஸ் (10,000 எம்பிபிஎஸ்) வாங்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தை இழுப்பதில்லை. இரவு நெரிசல் நேரத்தில் வீட்டுக்குச் சராசரியாக 2 முதல் 4 எம்பிபிஎஸ் என்று கணக்கிட்டுத் தொடங்கலாம். நூறு வீட்டுக்கு 400 எம்பிபிஎஸ் தாராளம். ஆனால் ஒப்பந்தத்திலேயே, கூடுதல் கொள்ளளவு கேட்டால் எத்தனை நாளில், என்ன விலையில் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளர்கள் சேரச் சேர மெதுவாகும் இணையம், ஆறே மாதத்தில் கெட்ட பெயர் வாங்கித்தரும்.

3. ஃபைபரா, வயர்லெஸ்ஸா, செயற்கைக்கோளா?

வீடுகள் நெருக்கமாக இருந்து, பணமும் அனுமதியும் கைகூடினால் ஃபைபர்தான். சந்தேகமே வேண்டாம். ஒருமுறை புதைத்தால் கேபிள் இருபத்தைந்து வருடத்துக்குக் குறையாமல் உழைக்கும், இரண்டு முனையிலும் கருவியை மாற்றினாலே வேகம் கூடும். இன்று பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரே இழையின் 2.5 ஜிபிபிஎஸ் பதிவிறக்கத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கு அடுத்து வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் முறையில் இரு திசையிலும் 10 ஜிபிபிஎஸ். இரண்டுக்கும் புதைத்த கேபிள் ஒன்றேதான். வழக்கமாக 20 கிலோமீட்டர் வரை இடையில் மின்சாரமே இல்லாமல் போகும் என்பது மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களுக்குப் பெரிய வரம்.

வீடுகள் சிதறியிருந்தால், அல்லது பேக்ஹால் கிடைக்கும் இடத்துக்கும் ஊருக்கும் நடுவே காடோ ஆறோ இருந்தால், பாயிண்ட்-டு-பாயிண்ட் வயர்லெஸ் (இரண்டு இடங்களில் ஆன்டெனா வைத்து நேருக்கு நேர் இணைப்பது). இதில் பலர் ஏமாறுவது 'கண்ணுக்குத் தெரிகிறது' என்பதில். எதிர் டவர் பைனாகுலரில் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு நேர்கோட்டில் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு பரப்பு அதற்குத் தேவை. இதை 'ஃப்ரெனெல் மண்டலம்' என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5 கிலோமீட்டர் தூர இணைப்புக்கு, நடுப்புள்ளியில் அந்த மண்டலத்தின் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 5 மீட்டர், மரமோ கட்டடமோ தொடாமல் இருக்க வேண்டும். இலையுதிர்ந்த பருவத்தில் சர்வே எடுத்துவிட்டு, துளிர்த்தபிறகு இணைப்பு தத்தளிப்பது வயர்லெஸ்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதை. ஈர இலை இன்னும் மோசம். மரம் எவ்வளவு உயரம் என்று பார்க்கும்போதே, ஐந்து வருடத்தில் எவ்வளவு வளரும் என்றும் அந்த நிலத்துக்காரரிடம் கேட்டுவிடுங்கள். வெட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டியிருக்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு சங்கதி. அதன் சில சேனல்களில் வானிலை ரேடார் போன்றவற்றுக்கு முன்னுரிமை உண்டு. ரேடார் அலையைக் கண்டால் உங்கள் கருவி சட்டப்படி அந்த சேனலைவிட்டு விலக வேண்டும், புதிய சேனலில் குறைந்தது ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேட்டபிறகே பேசலாம். காரணமே தெரியாமல் இணைப்பு அடிக்கடி ஒரு நிமிடம் போய்வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

செயற்கைக்கோள் கடைசி வழி. ஆனால் தனித்தனிப் பண்ணைவீடுகளுக்கும் மலை உச்சிக் குடியிருப்புகளுக்கும் பல நேரம் அது ஒன்றுதான் நியாயமான வழி. 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள பழைய வகைச் செயற்கைக்கோளில் தாமதம் 600 மில்லிநொடியைத் தொடும். காணொளி அழைப்பில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் ஸ்டார்லிங்க் போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே டிஷ்ஷை வைத்து ஊர் முழுக்கப் பகிர்ந்து விற்கலாம் என்று திட்டமிட்டால், மறுவிற்பனையை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் படியுங்கள். வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் அனுமதி இருக்காது.

4. யார் நடத்தப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

இருக்கும் நிறுவனத்தை அழைத்துவருவதே சுலபமான வழி. கணக்கெடுப்பும் முன்பணப் பட்டியலும் கையில் இருந்தால் சிறிய, உள்ளூர் இணைய நிறுவனங்கள் நிச்சயம் காதுகொடுக்கும். யாரும் வரவில்லை என்றால்தான் சொந்தமாக நடத்துவதைப் பற்றி யோசியுங்கள்.

சொந்தமாக நடத்தியவர்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011இல் தொடங்கிய பி4ஆர்என் (பிராட்பேண்ட் ஃபார் தி ரூரல் நார்த்), ஊர்மக்களே பங்குதாரர்களாக இருக்கும் அமைப்பு. விவசாயிகள் தங்கள் நிலத்தில் கேபிள் போக இலவசமாக அனுமதி கொடுத்தார்கள், பல இடங்களில் பள்ளத்தையும் அவர்களே தோண்டினார்கள். சாலையோரத்தைவிட்டு வயல்வழியாகப் போனதால் மிச்சமானது பணம் மட்டுமல்ல, அனுமதிக் காத்திருப்பும்தான். தென்னாப்பிரிக்காவின் மங்கோசியில் இயங்கும் சென்சலேனி கூட்டுறவு, சூரிய மின்சாரத்தில் ஓடும் வைஃபை நிலையங்களை வைத்து நடத்துகிறது. அதே மின்சாரத்தில் கைபேசி சார்ஜ் செய்துகொடுத்தும் வருமானம் பார்த்தது. இரண்டு இடத்திலும் ஊர்க்காரர்களின் நிலமும் உழைப்பும்தான் பணத்துக்குப் பதிலாக வந்தன. உங்கள் ஊரில் அப்படிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

5. ஆவணங்கள்

இந்தக் கோப்பைத்தான் நீங்கள் அதிகமுறை தூக்கிக்கொண்டு அலைவீர்கள். எல்லாவற்றிலும் அமைப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒரேமாதிரி இருக்கட்டும். பதிவுச் சான்றிதழில் ஒரு விதமாகவும் வங்கிக்கணக்கில் வேறு விதமாகவும் இருந்தால் மானியப் பணம் வாசல்வரை வந்து திரும்பிப் போகும்.

அமைப்பின் பதிவுச் சான்று, வரி எண், வங்கிக்கணக்கு, யார் கையெழுத்திடலாம் என்ற தீர்மானம் ஆகியவை அடிப்படை. உள்ளாட்சி அமைப்பின் தீர்மான நகலும் வேண்டும். அதில் "ஆதரவு தெரிவிக்கிறோம்" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள்; எந்தெந்தத் தெரு, எந்தக் கட்டடத்தின் மாடி, எத்தனை வருடம் என்று இருந்தால்தான் பிறகு பயன்படும்.

அடுத்தது இணையச் சேவை உரிமம். இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பல நாடுகளில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் அது அலைவரிசைக்கான விலக்கு மட்டுமே. இணையத்தைக் காசுக்கு விற்பதற்குத் தனி உரிமமோ பதிவோ பெரும்பாலும் தேவை. அதோடு பயனர் அடையாளத்தைச் சரிபார்ப்பது, பதிவுகளைச் சேமிப்பது போன்ற கடமைகளும் கூடவே வரும். சமூக வலையமைப்புகளுக்கு விலக்கோ குறைந்த கட்டணமோ உண்டா என்று ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். சென்சலேனி தன் நாட்டில் அப்படித்தான் உரிம விலக்கு பெற்றது. உரிமம் சுமையாகத் தோன்றினால், உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் கீழ் உள்ளூர்ப் பங்காளியாகச் சேர்வது இன்னொரு வழி.

வழியுரிமை, அதாவது பிறர் இடத்தின் வழியாகக் கேபிள் கொண்டுபோக அனுமதி வாங்குவதுதான் மலை. நெடுஞ்சாலை, உள்ளூர்ச் சாலை, ரயில் கடவு, கால்வாய், காடு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கையில் இருக்கும். ஒரே விண்ணப்பத்தில் எல்லாம் முடியும் இணையதளம் இருந்தாலும், ஒவ்வொரு துறையிலும் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறித்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதலாம் என்ற விதி சில நாடுகளில் உண்டு. இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகள் ஓர் எடுத்துக்காட்டு. அந்தக் கெடு, விண்ணப்பம் முழுமையாக இருந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஒரு வரைபடம் குறைகிறது என்று திருப்பினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். அதனால் பெற்றுக்கொண்டதற்கான ரசீது இல்லாமல் எந்தக் கவுன்டரிலிருந்தும் நகராதீர்கள்.

மின்கம்பத்தில் கேபிள் கட்டுவதானால் ஒவ்வொரு கம்பத்தின் எண்ணோடும் புகைப்படத்தோடும் பட்டியல் கேட்பார்கள். எந்தக் கம்பம் பழசு, எதில் ஏற்கெனவே கேபிள்கள் குவிந்திருக்கின்றன என்று அந்தப் பட்டியலிலேயே குறியுங்கள். பல இடங்களில் கம்பத்தை மாற்றும் செலவு புதிதாகக் கேபிள் கட்ட வருபவரின் தலையில்தான் விழும். பணம் கட்டிய பிறகு தெரிந்தால் பட்ஜெட் நொறுங்கிவிடும்.

தனியார் மாடியிலோ நிலத்திலோ கம்பமோ டவரோ வைத்தால் எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம், பத்து வருடத்துக்குக் குறையாமல். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பட்டாவிலோ பத்திரத்திலோ பாருங்கள். அண்ணன் கையெழுத்துப் போடுவார், நிலம் தம்பி பெயரிலும் சேர்த்து இருக்கும். விற்றாலும் ஒப்பந்தம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் என்ற வரியும், பழுதுபார்க்க எந்த நேரமும் உள்ளே வரலாம் என்ற வரியும் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். இரவு பத்து மணிக்குப் பூட்டிய வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இரண்டாவது வரியின் அருமை தெரியும்.

6. பணம் எங்கே போகும்

ஃபைபர் என்றால் கண்ணாடி இழைக்குத்தான் செலவு என்று நினைக்கிறோம். இழை மலிவு. புதைப்பதற்கான பள்ளம், குழாய், சாலையைத் தோண்டி மறுபடி மூடுவது ஆகிய சிவில் வேலைகளே மொத்தச் செலவில் பாதிக்கு மேல் விழுங்கும், பல இடங்களில் முக்கால் பங்கை நெருங்கும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் தானாக வருகின்றன.

ஒன்று, பள்ளம் தோண்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். 12 இழைக் கேபிளுக்குப் பதில் 48 இழை போட்டால் மொத்தச் செலவில் பெரிதாக ஏறாது. பக்கத்தில் ஒரு காலிக் குழாயும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள். இரண்டு, வேறு யாராவது பள்ளம் தோண்டப்போகிறார்களா என்று விசாரியுங்கள். குடிநீர்க் குழாய், புதிய சாலை, மின்கேபிள் என எது வந்தாலும் அந்தப் பள்ளத்திலேயே உங்கள் குழாயையும் போட அனுமதி கேளுங்கள். உள்ளாட்சியின் அடுத்த ஆண்டுப் பணிப்பட்டியல் இதற்காகவே கையில் இருக்க வேண்டும். கம்பத்தில் தொங்கவிடுவது புதைப்பதைவிட மலிவுதான், வேகமாகவும் முடியும். புயலும் லாரியும் அதிகமுள்ள பாதையில் பழுதுச் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

மாதாந்திரச் செலவைத்தான் புதியவர்கள் குறைத்து எழுதுகிறார்கள். பேக்ஹால் வாடகை, கம்ப வாடகை, மின்கட்டணம், காப்பீடு, உரிமக் கட்டணம், பழுதுபார்ப்பவரின் சம்பளமும் வண்டிச் செலவும், வசூலாகாத பாக்கி. இதோடு, கருவி மாற்றும் நிதி என்று மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கியே ஆகவேண்டும். கூரைமேல் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் வயர்லெஸ் ரேடியோவுக்கு ஐந்து வருடம் ஆயுள் என்று கணக்கு வையுங்கள். மானியத்தில் வாங்கிய கருவி ஆறாவது வருடம் செத்தால் மறுபடி மானியம் வராது.

மின்சாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சிறிய டவரில் இரண்டு ரேடியோவும் ஒரு நெட்வொர்க் சுவிட்சும் சேர்ந்து 30 வாட் எடுக்கிறது என்று வைப்போம். ஒரு நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் ஓட 720 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் எழுதியிருப்பது 1,200 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் கிடைப்பது 600. ஆக ஒரு பேட்டரி பற்றாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கும்போது விலை அதிகம், ஆனால் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம், பல ஆயிரம் முறை சார்ஜ் தாங்கும். வேகத்துக்காகச் செலவழிப்பதற்கு முன் பேட்டரிக்கும் இடிதாங்கிக்கும் எர்த்திங்குக்கும் செலவழியுங்கள்.

வருமானக் கணக்கில், முன்பணம் கொடுத்த வீடுகளில் பாதிதான் முதல் வருடம் தொடர்ந்து கட்டும் என்று வைத்துப் பாருங்கள். அப்போதும் மாதச் செலவு சரிக்கட்டுகிறது என்றால் இறங்கலாம். சரிக்கட்டவில்லை என்றால் மானியம் கிடைத்தாலும் தள்ளிப்போடுங்கள். மானியம் கட்டித்தரும், நடத்தித்தராது.

மானியம் எங்கே கிடைக்கும்? பல நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பங்கை வசூலித்து, சேவை எட்டாத பகுதிகளுக்காக ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் டிஜிட்டல் பாரத் நிதி, மலேசியாவின் யூஎஸ்பி (அனைவருக்குமான சேவை வழங்கல்) நிதி எல்லாம் அந்த வகை. பெரும்பாலான மானியங்கள் வேலை முடிந்தபிறகு, ரசீதைப் பார்த்து, தவணையாக வருபவை. அதுவரை கையிலிருந்து செலவழிக்க வேண்டும். அதற்கு மேல் வங்கி உத்தரவாதமும் கேட்கலாம். அமெரிக்காவின் 4,245 கோடி டாலர் 'பீட்' திட்டத்தில் முதலில் மானியத் தொகையில் 25 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்டார்கள். சிறிய அமைப்புகள் திணறுகின்றன என்று குரல் எழுந்தபிறகுதான் தளர்த்தினார்கள். மானிய அறிவிப்பில் முதலில் படிக்க வேண்டியது தொகையை அல்ல, 'பணம் வழங்கும் முறை' என்ற பத்தியை.

7. எவ்வளவு காலம்

கணக்கெடுப்புக்கும் வேக அளவீட்டுக்கும் ஒன்றிரண்டு மாதம். பேக்ஹால் பேச்சுக்கு மூன்று மாதம்வரை. மானியம் என்றால் அறிவிப்பிலிருந்து முதல் தவணைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். வழியுரிமை மூன்று மாதத்திலும் முடியலாம், ஒரு வருடமும் தாண்டலாம். கட்டுமானம் வயர்லெஸ் என்றால் வாரக்கணக்கு, ஃபைபர் என்றால் மூன்று முதல் ஒன்பது மாதம்.

இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் மூன்று வருடம் ஓடிவிடும். வழியுரிமை விண்ணப்பத்தையும் பேக்ஹால் பேச்சையும் மானியத்துக்குக் காத்திருக்காமல் உடனே தொடங்குங்கள். கருவியை மட்டும் கடைசிவரை வாங்காதீர்கள். அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் சாலை தோண்டப் பல துறைகள் அனுமதிப்பதில்லை என்பதால், அனுமதி கைக்கு வரும் மாதம் எது என்று பார்த்து அட்டவணை போடுங்கள். மழை தொடங்கும் நேரத்தில் கிடைக்கும் அனுமதி, பல நேரம் அந்த மழையோடு காலாவதியும் ஆகிவிடும். நீட்டிப்பு விண்ணப்பத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

8. ஒப்பந்ததாரர் வேலை செய்யும்போது

மூடிய பள்ளத்தின் ஆழத்தை யாராலும் அளக்க முடியாது. மூடும் முன் அளவுகோலை உள்ளே வைத்து, இடம் பதிவாகும்படி புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படம் இல்லாத மீட்டருக்குப் பணம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு இழைக்கும் ஓடிடிஆர் (இழையில் ஒளி எங்கே, எவ்வளவு இழக்கிறது என்று காட்டும் கருவி) சோதனை அறிக்கை வாங்குங்கள். நல்ல ஸ்ப்ளைஸில் (இழைகளை ஒட்டிய இடம்) இழப்பு 0.1 டெசிபெலுக்குள் இருக்கும். அதைத் தாண்டியதை மறுபடி செய்யச் சொல்லலாம். கேபிள் உண்மையில் போன பாதையின் வரைபடம் கடைசித் தவணைக்கு முன்பே கைக்கு வரவேண்டும். திட்ட வரைபடத்தையே தேதி மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு இடத்தில் நேரில் போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. இணைப்பு வந்த பிறகு

ஊரிலேயே இரண்டு பேருக்கு ஃபைபர் ஒட்டவும், மாடியேறி ஆன்டெனா திருப்பவும் பயிற்சி கொடுங்கள். ஒருவர் போதாது, அவர் வெளியூர் போன அன்றுதான் கேபிள் அறுபடும்.

வீட்டு இணைப்பு கொடுக்கும் நாளிலேயே ஓஎன்டி பெட்டிக்கு (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் கருவி) வந்துசேரும் ஒளியின் அளவை மீட்டரில் பார்த்து, பெட்டியின் பின்னால் ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். ஜிபானில் சுமார் -8 முதல் -27 டிபிஎம் (ஒளியின் வலிமை; எண் கீழே போகப் போக ஒளி மங்கல்) வரை ஏற்கத்தக்கது. பத்துக் கிலோமீட்டர் கேபிளும் 32 ஆகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் இருக்கும் பாதையில் -19, -20 என்று வரும். பிறகு "மெதுவாக இருக்கிறது" என்று புகார் வந்தால் மறுபடி அளந்தால் போதும். ஸ்டிக்கரில் -20, இப்போது -26 என்றால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டரில் அழுக்கு. எண் மாறவில்லை என்றால் வீட்டு வைஃபையைப் பாருங்கள், ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால் இருக்கும்.

கையிருப்பில் ஓஎன்டி, அடாப்டர், பேட்ச் கார்டு (சிறிய இணைப்புக் கேபிள்), ஒரு ரேடியோ, சிறிது கேபிள் எப்போதும் இருக்கட்டும். அதிகம் சாவது அடாப்டர்தான். அதை மட்டும் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். உரிமம், கம்ப வாடகை, மாடி ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் புதுப்பிப்புத் தேதிகளை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். அந்தத் தாளின் நகல் உங்களிடம் மட்டுமல்ல, குழுவில் இன்னொருவரிடமும் இருக்க வேண்டும்.